சத்தமில்லாமல் திறந்த பாட்டில்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

வடிவு எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வருஷத் திவசம் முடித்தோம். குறுக்குத்துறையில் இந்த வருஷம் தண்ணீர் நிறையப் போகிறது. படித்துறையின் கீழ்ப்படிகள் எல்லாம் முங்கிக் கிடந்தன. உங்கள் அண்ணன்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று எள்ளும் தண்ணீரும் விட்டார். ஆண் வாரிசு இல்லையா என்று ஐயர் கேட்டார். பெண் பிள்ளை இருக்கிறாள், இதோ நிற்கிறாள் என்றேன். காதில் விழாத மாதிரி தர்ப்பையை எடுத்துக்கொண்டார்.

வீட்டு விஷயத்தை இப்படி நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறாளே என்று கோபப்படாதீர்கள். பேர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் இத்தனை காலமும் மற்றவர்கள் சொன்னதைத் தட்டச்சு அடித்துக் கொடுக்கிறவள் நான். யார் யாருடைய சண்டையோ, யார் யாருடைய சாவோ என் விரல் வழியாகப் போயிருக்கிறது. என் வீட்டுச் சாவைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. அதனால் நானே அடித்துக்கொள்கிறேன்.

படிக்கிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சுற்றுலாக் கப்பலில் பார் வேலை பார்த்தீர்கள். உலகத்துக் குடிகாரர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தீர்கள். ஒரு சொட்டு விழுங்கியதில்லை. ருசி பார்க்க வேண்டிய இடத்தில் ஸ்ட்ரா நுனியில் எடுத்து நாக்கில் வைத்துத் துப்பிவிடுவீர்கள். ஏன் இப்படி என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "அல்வா கிண்டுதவன் அல்வா திங்கானா வடிவு?" என்று சிரித்தீர்கள். அதற்குமேல் அதில் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. உங்களுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

கல்லீரல் கெட்டது பழைய மஞ்சள்காமாலைக் கிருமியால். அது எந்த வயதில் எந்த ஊசி வழியாக ரத்தத்தில் ஏறியதோ, டாக்டருக்கே தெரியவில்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே "என்ன வேலை பாக்காரு?" என்ற கேள்வி வந்துவிடும். கப்பலில் பார் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் தலையை ஆட்டிவிடுவார். வார்டைப் பெருக்க வந்த அம்மா கூட, "இனியாவது நிப்பாட்டச் சொல்லு தாயி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நல்ல மனசோடு சொன்னவர்களிடம்தான் என்னால் சண்டை போட முடியவில்லை.

மாற்றுக் கல்லீரல் ஒன்றுதான் வழி என்றார்கள். வெளியில் காத்திருக்கும் வரிசையில் உங்கள் பேர் எங்கோ பின்னால் இருந்தது. சொந்தத்தில் யாராவது ஒரு துண்டு கொடுக்கலாம், கொடுத்தவருக்குத் திரும்ப வளர்ந்துவிடும் என்றார்கள். என் ரத்தம் சேரவில்லை. நம் மகள் கோமதி முன்னால் வந்தாள். "கல்யாணம் ஆகாத பிள்ள வயித்துல கத்தி வைக்கச் சொல்லுதியளா? அதுக்கு நான் இப்பமே செத்துப் போறேன்" என்று மருந்தைத் தள்ளிவிட்டீர்கள். மிச்சம் இருந்தது உங்கள் அண்ணன், பெரியத்தான் ஒருவர்தான். ஆழ்வார்குறிச்சியில் நடவு நேரம். வயலைப் போட்டுவிட்டு வந்து எல்லாச் சோதனைக்கும் உடம்பைக் கொடுத்தார். நான் காலில் விழப் போனபோது, "சீ, எந்தி. எந்தம்பிக்குக் குடுக்கதுக்கு எனக்கு யாரு கும்பிடு போடணும்?" என்று அதட்டினார்.

எல்லாம் பொருந்தியது. பொருந்தியது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன மறுநாள், பெரியத்தான் வீட்டு அக்காவிடமிருந்து போன் வந்தது. "அவுகளுக்குச் சம்மதம் இல்லையாம் வடிவு. என்கிட்ட ஒண்ணும் கேக்காத" என்று வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் நான் எத்தனை தடவை கூப்பிட்டும் பெரியத்தான் எடுக்கவில்லை. காரணம் தெருவழியாகத்தான் வந்து சேர்ந்தது. "குடுத்தா அதையும் குடிச்சே கெடுப்பான்" என்று டீக்கடையில் வைத்துச் சொன்னாராம்.

கத்திக்குப் பயந்துபோய்ச் சொல்கிற சாக்கு என்றுதான் நான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். "பயமா இருக்கும்லா, பாவம். விடு. அண்ணனத் திட்டாத" என்றீர்கள். நான் திட்டினேன் அத்தான். நீங்கள் தூங்கின பிறகு அடுக்களையில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்தன்று நடந்தது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. இலையில் எல்லாம் பரிமாறின பிறகு, பெரியத்தான் மஞ்சப் பைக்குள்ளிருந்து ஒரு பிராந்தி பாட்டிலை எடுத்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார். மூடியைத் திருகி டம்ளரில் ஊற்றினார். "ஆசப்பட்டது. நல்லாக் குடிச்சிட்டுப் போகட்டும்" என்று தேம்பித் தேம்பி அழுதார். நம் பக்கத்து வழக்கம்தானே, வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை, சுருட்டு பிடித்தவருக்குச் சுருட்டு. யாரும் தடுக்கவில்லை, நானும்தான். வந்திருந்த அத்தனை சொந்தமும் அந்த டம்ளரைப் பார்த்தது. குடித்துச் செத்தவன் என்று அன்றைக்கு உங்களுக்கு முத்திரை குத்தியாயிற்று.

கோமதி அதற்கப்புறம் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் போவதே இல்லை. விளக்கேற்றச் சொன்னால், "அந்த வாட இன்னும் அடிக்கும்மா" என்பாள். எத்தனை தடவை துடைத்த இடம்! எனக்கு அடிக்கவில்லை. அவளுக்கு அடித்தது.

ஆகவே இந்த வருஷத் திவசத்துக்கு நான் ஒன்றே ஒன்றைத்தான் மனதில் வைத்திருந்தேன். அந்தப் பிராந்தி இன்னொரு தடவை உங்கள் முன்னால் உட்காரக் கூடாது.

வெறுமனே வேண்டாம் என்றால் சண்டைதான் மிஞ்சும். அந்த இடத்தில் வேறொன்று இருக்க வேண்டும். யோசித்தேன். ஆயுத பூஜைக்குக் கொத்தனார் கரண்டியையும் மட்டப்பலகையையும் கழுவிப் பொட்டு வைக்கிறார். கரண்டியை அவர் தின்கிறாரா? தையல்காரர் கத்தரிக்கோலை வைக்கிறார். உங்களுக்கு நான் உங்கள் கைவேலையை வைப்பேன். நீங்கள் குடித்ததாக இல்லை, நீங்கள் செய்ததாக. கப்பலில் உங்களைத் தேடிவந்து கேட்பார்களாமே, அந்த ஷாம்பெயின் காக்டெயில், அதை என் கையால் செய்து வைப்பேன்.

செய்யத் தெரியுமா எனக்கு? நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களையில் நின்று காட்டியதுதானே. ஷாம்பெயினுக்குப் பதில் கோலி சோடா, சர்க்கரைக் கட்டிக்குப் பதில் பனங்கற்கண்டு, கசப்புச் சாற்றுக்குப் பதில் வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு கசாயம். கிளாஸ் மட்டும் நிஜக் கிளாஸ், கப்பலிலிருந்து யூனிபாரத்துக்குள் சுற்றிக் கொண்டுவந்த அந்தக் காம்பு வைத்த ஒல்லிக் கிளாஸ். கட்டியைக் கசாயத்தில் ஊறவைத்து அடியில் போடுவீர்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஓரமாகச் சோடாவை விடுவீர்கள். "கலக்கப்பிடாது, கேட்டியா? கரண்டியப் போட்டா சோடாவுல உள்ள காஸு போயிரும். கட்டி பைய கரையும், அது கரையக் கரைய நூல் மாதிரி குமிழி மேல வந்துகிட்டே இருக்கும். அதப் பாக்கதுக்குத்தான் துட்டு" என்பீர்கள். கோமதி சின்னப் பிள்ளையாக இருந்தபோது மேசையில் நாடியை வைத்துக்கொண்டு அந்தக் குமிழியையே பார்ப்பாள்.

நிஜ ஷாம்பெயின் பாட்டில் ஒன்று பீரோவில் இருந்தது. கடைசித் தடவை வந்தபோது கொண்டுவந்தீர்கள். கோமதி கல்யாணத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் போன பிறகு, நாம் மூன்று பேர் மட்டும் இருக்கும்போது திறப்பதாகப் பேச்சு. "அன்னைக்கு நானும் ஒரு வாய் முழுங்குவேன்" என்றீர்கள். அது அப்படியே என் கல்யாணப் பட்டுக்குப் பின்னால் கிடந்தது. அதோடு அந்தக் கசப்புச் சாற்று பாட்டிலும், குள்ளமாக, மேலே ஒட்டின காகிதம் பாட்டிலைவிடப் பெரிதாக. பிராந்தியும் ஒரு கரண்டி சேர்ப்பார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். பிராந்தியை விரட்டத்தானே இத்தனை பாடு. அதை நான் சேர்க்கவில்லை.

முதல் நாளே பாட்டிலை ஃப்ரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். கோமதி பார்த்தாள். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். "செய்ங்கம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குப் பாதி திவசம் முடிந்த மாதிரி இருந்தது.

ஆற்றிலிருந்து வந்து இலை போட்டோம். சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்தேன், உங்களுக்குப் பிடித்த உருளைக்கிழங்குப் பொரியலும். சொந்தக்காரர்களைக் கூப்பிடவில்லை. நானும் கோமதியும் பெரியத்தானும் மட்டும்தான். அவர் ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார், மஞ்சப் பையைத் திறந்தார். இந்தத் தடவை பெரிய பாட்டில்.

"பெரியத்தான், அதப் பைக்குள்ளயே வைங்க" என்றேன்.

"எதுக்கு?"

"அவுக குடிச்சதில்ல. குடிக்காதவுகளுக்கு எதுக்கு அது?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏ பிள்ள, இன்னுமா மறைக்கே? செத்துப் போனவனுக்கு என்ன வெக்கம்? தேனெடுத்தவன் புறங்கைய நக்காம இருப்பானா? நான் என்ன கொறையாவா சொல்லுதேன்? நம்ம பய, ஆசையா வைக்கேன்" என்று பாட்டிலைப் படத்து ஓரமாகத் தரையில் வைத்தார்.

"நான் ஒண்ணு செஞ்சு வைக்கப் போறேன். அத வச்ச பொறவு உங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்ங்க."

பாட்டிலையும் கிளாஸையும் நடு வீட்டுக்கே கொண்டுவந்தேன். ஒளித்துச் செய்கிற வேலை இல்லையே இது. சர்க்கரைக் கட்டியைக் கரண்டியில் வைத்துக் கசப்புச் சாற்றைச் சொட்டினேன். கட்டி பழுப்பாக ஊறியது. வாசனை கிராம்பும் பட்டையும் போல வந்தது, பாட்டில் நேற்று வாங்கின மாதிரி. அது கெடாது என்று நீங்கள் சொன்னது சரிதான். பிறகு ஷாம்பெயின் பாட்டிலை எடுத்தேன். கம்பியைப் பிரித்தேன். துண்டைப் போட்டுப் பிடித்தேன். நீங்கள் சொன்னது அப்படியே காதில் ஓடியது: "கார்க்கத் திருவாத, அத இறுக்கிப் புடிச்சுக்கிட்டுப் பாட்டிலத் திருவு. பைய, பைய. படத்துல காட்டுத மாதிரி டமார்னு சத்தம் வந்தா அது தெரியாதவன் தொறந்தது. தெரிஞ்சவன் தொறந்தா சத்தமே வரப்பிடாது."

திருகினேன். கார்க் கையோடு வந்தது. சத்தமே வரவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை அத்தான். உங்கள் படத்தைப் பார்த்தேன். பார்த்தீர்களா என்று கேட்டே விட்டேன், வாய்விட்டு. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக விட்டேன். நிறைந்தது. ஒரு குமிழி இல்லை. கட்டி அடியில் கிடந்து சும்மா கரைந்துகொண்டிருந்தது. நிறம் ஆறிப்போன டீத்தண்ணி மாதிரி இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன், அப்புறமாகக் கிளம்புமோ என்று. பாட்டிலை மூக்கில் வைத்துப் பார்த்தேன். புளித்த வாடை அடித்தது.

பீரோ இருக்கிற அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. கத்திரி வெயிலில் பீரோ கதவைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூட்டில் இத்தனை நாள் கிடந்து அது எப்போதோ செத்துப் போயிருக்கிறது. சத்தம் வராதது என் கைத்திறமை இல்லை. உள்ளே சத்தம் போட ஒன்றும் மிச்சம் இல்லை. கோமதியின் கல்யாணத்துக்கு என்று நாம் வைத்திருந்தது அது.

செத்ததையா உங்கள் முன்னால் வைப்பது என்று கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பெரியத்தான் எழுந்தார். என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இந்தக் கிளாசுதான்" என்றார்.

"எந்தக் கிளாஸ்?"

"இதே கிளாசுதான். இந்தக் கலருதான். சொல்லப்பிடாதுன்னு இருந்தேன் வடிவு. நீதான் வாயக் கிளறுத. எல்லாம் பொருந்திட்டுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கள்லா, அன்னைக்குச் சாயந்தரம். போன்ல சொல்லப்பிடாது, அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்னு வண்டிய எடுத்துக்கிட்டு வந்தேன். டவுண்ல நிறுத்தி அல்வா வாங்குனேன். இங்கன வந்தா வாசக்கதவு தொறந்து கெடக்கு. உள்ள அவன் இந்தக் கிளாசக் கையில புடிச்சிக்கிட்டு நுரையோட குடிக்கான். நீ சிரிக்க. இந்தப் பிள்ள விழுந்து விழுந்து சிரிக்கு. நான் என் வயித்தக் கீறிக் குடுக்கதுக்கு வாரேன், இங்கன குடியும் கூத்துமா கெடக்கு. அல்வாவ வாய்க்கால்ல எறிஞ்சிட்டு அப்படியே திரும்பிப் போயிட்டேன். எங் கண்ணால பாத்தேன் வடிவு. யாரும் சொல்லிக் கேக்கல. எங் கண்ணால பாத்தேன்."

எத்தனை சாட்சிகள் இதே வார்த்தையைச் சொல்லி நான் அடித்திருப்பேன். என் கண்ணால் பார்த்தேன். சொல்கிறவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். கூண்டில் நிற்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்குமோ, பெரியத்தான் முகம் அப்படித்தான் இருந்தது.

அந்தச் சாயந்தரம் எனக்கு நினைவில்லாமல் இருக்குமா? கோமதிதான் எழுந்தாள். என் கையிலிருந்த கிளாஸை வாங்கிக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். உள்ளே இருந்ததைக் கொட்டிக் கழுவினாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கீழாநெல்லி முளைத்துக் கிடக்கிறது. நீங்கள் போன பிறகு அதைப் பறிக்க ஆளில்லை, காடாகிவிட்டது. வேரோடு ஒரு கை பிடுங்கினாள், அலசினாள், அடுப்பில் வைத்தாள். அது சுண்டுகிற வரை நாங்கள் இரண்டு பேரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். சொதியில் ஆடை படிந்தது. பெரியத்தான் ஒரு தடவை, "என்ன செய்யுதா இவ?" என்றார்.

முக்குக் கடையில் போய்ச் சோடாவும் அவளே வாங்கி வந்தாள். பனங்கற்கண்டைக் கிளாஸில் போட்டுக் கசாயத்தை விட்டாள். சாய்த்துப் பிடித்து ஓரமாகச் சோடாவை ஊற்றினாள். நுரை பொங்கி அடங்கியது. கற்கண்டிலிருந்து குமிழி நூல் நூலாக மேலே ஏறியது. உங்கள் கை அப்படியே வந்திருக்கிறது அவளுக்கு. பெரியத்தானிடம் நீட்டினாள்.

"குடிங்க பெரியப்பா."

"என்னதிது?"

"அன்னைக்கு அப்பா குடிச்சது. குடிங்க."

முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு வாய் குடித்தார். வயக்காட்டு மனுஷர், நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. "கீழாநெல்லில்லா இது" என்றார்.

"காமாலைக்குக் குடிக்கது. அப்பாவால அந்தக் கசப்ப முழுங்க முடியல, ஓங்கரிச்சு ஓங்கரிச்சு வந்துச்சு. அதான் கப்பல்ல செய்த மாதிரி சோடாவ ஊத்தி, வெள்ளக்காரன் மாதிரி பேசிக் காட்டிக் குடிச்சாங்க. நான் சிரிச்சேன் பெரியப்பா. அதுக்குப் பொறவு நான் சிரிக்கல."

கத்தவில்லை அவள். கோர்ட்டில் படித்துக் காட்டுகிற மாதிரி சொன்னாள். பெரியத்தான் கிளாஸைக் கீழே வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மிச்சத்தையும் குடித்தார். அடியில் கிடந்த கற்கண்டு வாய்க்கு வருகிற வரை அண்ணாந்து குடித்தார். அப்புறம் கிளாஸை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். கத்திக்குப் பயந்தவர் என்று ஒரு வருஷமாக நான் திட்டிய மனிதர் இவர். அவர் பயப்படவில்லை அத்தான். கொடுக்கத்தான் வந்திருக்கிறார். வாசல் வரைக்கும் வந்திருக்கிறார்.

பிறகு தலையைத் தூக்கினார். "வடிவு, அன்னைக்கு அவன் என்னையப் பாத்தானா?"

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவும் எழுதிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் பார்க்கவில்லை. ஆனால் வண்டிச் சத்தம் கேட்டீர்கள், அவர் திரும்பிப் போகிற சத்தம் என்று இப்போதுதான் தெரிகிறது. தெருவில் எத்தனை வண்டி போனாலும் அந்தப் பழைய வண்டியின் இருமல் உங்களுக்குத் தெரியும். "அண்ணன் வண்டிலா அது? கோமதி, பெரியப்பாவுக்கும் ஒண்ணு போடு. குடிச்சிட்டு அண்ணன் மூஞ்சி போற போக்கப் பாக்கணும்" என்றீர்கள். வேறு கிளாஸ் இல்லை, எவர்சில்வர் டம்ளரில் போட்டாள். நீங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நாங்களும் பார்த்தோம். நுரை அடங்கியது. "வேற வண்டி போல" என்று சொல்லிவிட்டு, காஸ் போன அந்தக் கசாயத்தையும் நீங்களே குடித்தீர்கள். குடிக்கும்போது முகத்தைச் சுளிக்கவில்லை.

"இல்ல பெரியத்தான்" என்றேன். "அவுக பாக்கல. நீங்க வந்ததே எங்க யாருக்கும் தெரியாது."

கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த டம்ளரைப் போட்டுக் கொடுத்தவள் அவள். வாயைத் திறக்கவில்லை.

பெரியத்தான் எழுந்து, யாரும் சொல்லாமல், அந்தப் பிராந்தி பாட்டிலைத் தானே எடுத்து மஞ்சப் பைக்குள் வைத்தார். எடுக்கும்போது அது இரண்டு தடவை படத்தின் சட்டத்தில் இடித்தது. சாப்பிடுங்கள் என்றேன். "இருக்கட்டும்" என்றார். செருப்பை மாட்டாமல் வாசல்படி இறங்கிவிட்டார், பிறகு திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனார். நாங்களும் அன்று சாப்பிடவில்லை. இலையைக் காக்காய்க்கு வைத்தோம். காக்காய் வந்தது.

நேற்று பெரியத்தான் வீட்டு அக்கா போன் பண்ணினார்கள். வயலுக்குப் போகிறாராம், வரப்பில் உட்கார்ந்துவிட்டு வருகிறாராம். ராத்திரி எழுந்து அடிவயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்கிறாராம். "அங்கன என்ன நடந்துச்சு வடிவு?" என்று கேட்டார்கள். திவசம் நல்லபடியாக முடிந்தது என்றேன்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. உங்கள் முன்னால் பிராந்தி இல்லை. கோமதி இப்போது விளக்கேற்றுகிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டாமா? தம்பி குடிகாரன் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இந்த ஒரு வருஷமும் தூங்கி எழுந்திருக்கிறார். பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தது உங்களுக்காகவா, தனக்காகவா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. அதை நான் பிடுங்கிவிட்டேன். பிடுங்க வேண்டியதுதான். இருந்தாலும் அவர் செருப்புக்காகத் திரும்பி வந்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத என் கை வரவில்லை. வாசலில் நின்று "என்னலே குடிக்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அத்தனை தூரம் வந்தவருக்கு அந்த ஒரு வார்த்தை வராமல் போயிற்றே. நாங்களாவது சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து தெருவில் போய்ப் பார்த்திருக்கலாமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் எங்கே சொல்லப் போகிறீர்கள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த வருஷமும் உங்களுக்குத் தண்ணீர் விடுவது பெரியத்தான்தான். அவர் வர மாட்டேன் என்றால் ஆழ்வார்குறிச்சிக்கு நானே போய்க் கூப்பிடுவேன். கோமதியும் அவரோடு ஆற்றில் இறங்குவாள், ஐயர் என்ன சொன்னாலும் சரி. இலைக்குப் பக்கத்தில் அந்த ஒல்லிக் கிளாஸில் கீழாநெல்லியும் சோடாவும் இருக்கும். இன்னொன்றும். அந்த எவர்சில்வர் டம்ளரைப் பற்றி நானோ கோமதியோ அவர் சாகிற வரை அவரிடம் பேச மாட்டோம். சத்தியம் வாங்கிச் சாட்சி சொல்ல வைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள் தெரிந்தே சொன்ன பொய் இது, இதை நான் காப்பாற்றுவேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அவரை அடையாளம் தெரிந்தால், தயவுசெய்து நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அவர் தம்பி கசாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அன்று உங்களோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்த,
உங்கள் மாமன் மகள்
வடிவு